ரென்தமில் வசிக்கும் செலோர்

கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தே தீரும். மரம் மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். சுவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சுவரில் விடப்படும் வாசலும் என்றைக்கும் சரியான செவ்வகமாக அமைவதில்லை. அதனால் மேலைநாடுகளில் கொஞ்சம் பெரிதாகவே வாசல் விட்டு, நிலையை உள்ளே நிறுத்தி, ஆப்பு அடித்துத் தூக்குக் குண்டு பிடித்து நேராக்குவார்கள். மிச்சமிருக்கும் அரை அங்குலச் சந்தை ஒரு மரப்பட்டையால் மூடுவார்கள். கதவைச் சுற்றி இரண்டு பக்கமும் தலைக்கு மேலும் ஓடுகிற அந்தப் பட்டையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இதுல என்ன இருக்கு என்று தோன்றலாம். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது.

நம்மூர் ஃபிளாட்டுகளில் பில்டர்கள் இதை ஆர்க்கிட்ரேவ் என்பார்கள், ஆசாரிகள் பீடிங் என்று சொல்லிவிடுவார்கள். நம் பழைய வீடுகளுக்கு இது தேவைப்பட்டதில்லை. அங்கே கனத்த நிலையை முதலில் நிறுத்தி, அதை அணைத்துச் சுவர் எழுப்புவார்கள். அலங்காரம் வேண்டுமென்றால் நிலையிலேயே செதுக்கிவிடுவார்கள். நிலை வைக்க நல்ல நேரம் பார்க்கிற நாம், பீடிங் அடிக்க நேரம் பார்த்து நான் கண்டதில்லை. மறைக்கிற பொருளுக்கு யார் நாள் குறிப்பார்கள்?

ஆனால் இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் இந்த ஓரப்பட்டை பெரிய விஷயம். 18ஆம் நூற்றாண்டில் ஒரு வீட்டுக்காரரின் அந்தஸ்தைச் சொன்ன பொருள்களில் அதுவும் ஒன்று. வெறும் பலகையை அடித்திருந்தால் ஒரு மதிப்பு. ஓரத்தில் ஒரு சின்ன உருளை வரி ஓடினால் கொஞ்சம் கூடுதல் மதிப்பு. குழிவும் புடைப்பும் படியுமாக நான்கைந்து வளைவுகள் வந்தால் அந்த வீட்டில் விருந்தாளியை உட்கார வைக்க ஒரு முன்னறை இருக்கிறது என்று அர்த்தம். ஒரே வீட்டில் முன்னறைக் கதவுக்கு ஐந்து வளைவும், பின்கட்டுக் கதவுக்கு வெறும் பலகையும் இருக்கும். மாடியில், வேலைக்காரர்களும் அடிமைகளும் படுத்த அறைகளில், பல நேரம் ஒன்றுமே இருக்காது. அந்த வீடுகளைப் பற்றி எழுதும் கட்டடக்கலை ஆய்வாளர்கள் ஓரப்பட்டையின் வளைவுகளை எண்ணியே எந்த அறை யாருக்கானது என்று ஊகிப்பதுண்டு.

அந்த வளைவுகளுக்குத் தனிப் பெயர்கள் உண்டு. முட்டை வளைவு ஓவலோ, எஸ் எழுத்துப்போல நெளிவது ஓஜீ, அரை உருளை ஆஸ்ட்ரகல். கல்லில் கோயில்களுக்குச் செதுக்கப்பட்ட வடிவங்கள், மறுமலர்ச்சிக் கால இத்தாலியர்களின் புத்தகங்கள் வழியாக லண்டனுக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி, மாசசூசெட்ஸின் பைன் மரப்பலகையில் போய் உட்கார்ந்தன. கல்லில் சிற்பி உளியால் செய்ததை மரத்தில் தச்சர் ஓர் இழைப்புளியால் செய்தார். என் கட்டுரை உண்மையில் அந்த இழைப்புளியைப் பற்றியது.

சாதாரண இழைப்புளியின் அடிப்பாகம் தட்டை. மோல்டிங் இழைப்புளியின் அடிப்பாகம் வளைவு. பலகையில் எந்த உருவம் வர வேண்டுமோ அதன் நேர் எதிர் உருவம் கட்டையின் அடியில் செதுக்கப்பட்டிருக்கும். அதே உருவத்துக்குத் தீட்டிய எஃகுத் தகடு ஒன்று நடுவில் சாய்வாக இறங்கும். அதை ஒரு மர ஆப்பு இறுக்கிப் பிடித்திருக்கும். கட்டை சுமார் பத்து அங்குல நீளம், ஒரு கைக்குள் அடங்கும் அகலம். பலகையின் விளிம்பில் வைத்துத் தள்ளிக்கொண்டே போனால் மரச்சுருள் பக்கவாட்டில் வெளியேறும். முதல் சில தள்ளுகளில் மூலை மட்டும் மழுங்கும், பிறகு மெல்ல உருவம் தெளியும். கட்டையிலேயே ஒரு தடுப்பு செதுக்கியிருப்பதால் முழு உருவமும் வந்ததும் தகடு மேற்கொண்டு வெட்டாது. நீங்கள் தள்ளினாலும் வழுக்கிக்கொண்டு போகும். தானே நிற்கிற அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்ற முடிவைத் தள்ளுகிறவன் எடுப்பதில்லை. கருவியைச் செய்தவன் ஏற்கெனவே எடுத்துவிட்டான்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் சுவாரசியமாகிறது. அந்த ஊர்த் தச்சருக்கு நெளிவை வரையத் தெரிய வேண்டியதில்லை. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, தகடு கூராக இருக்கிறதா, கை ஒரே சாய்வில் நிற்கிறதா என்று தெரிந்தால் போதும். அதுவே சின்ன வித்தை இல்லை என்பது வேறு. ஆனால் உருவம் கருவிக்குள் இருக்கிறது. ஒரு இழைப்புளி செய்கிறவர் ஓர் ஓஜீ வளைவைக் கொஞ்சம் சப்பையாகச் செதுக்கிவிட்டால், அதை வாங்கிய தச்சர் கைவைக்கிற அத்தனை கதவுகளிலும் அந்தச் சப்பை ஓடும். பத்து தச்சர்கள் வாங்கினால் பத்து ஊர்க் கதவுகளிலும் ஓடும். கையெழுத்து என்கிறோமே, அதுமாதிரி. ஆனால் எழுதியவன் அந்த வீடுகளுக்குள் ஒருநாளும் போயிருக்கமாட்டான்.

அந்தக் கருவியைச் செய்வதும் லேசுப்பட்ட காரியமில்லை. இங்கிலாந்தில் பீச் மரம், நியூ இங்கிலாந்தில் பெரும்பாலும் மஞ்சள் பிர்ச். வெட்டிய மரத்தைப் பல வருடம் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் கட்டை திருகிக்கொள்ளும், பிறகு அதற்கு அடுப்புதான் கதி. தகடு இறங்கும் சாய்வான பள்ளத்தை உளியாலும், ஒற்றை வரிசைப் பல் கொண்ட அரம் போன்ற ஒரு கருவியாலும் குடைய வேண்டும். அடியில் வளைவை வெட்ட, அதற்கு எதிர் உருவம் கொண்ட இன்னொரு இழைப்புளி வேண்டும். ஆங்கிலத்தில் அதற்குத் தாய் இழைப்புளி என்றுதான் பெயர். தாய் பிள்ளையை வெட்டும், பிள்ளை கதவுப் பட்டையை வெட்டும். அப்படிப் பார்த்தால் கதவிலிருக்கும் வளைவு தாயின் முகஜாடை. இங்கிலாந்தில் 1700ஐ ஒட்டிய வருடங்களிலேயே இதை மட்டும் தொழிலாகச் செய்கிறவர்கள் லண்டனில் இருந்தார்கள். செய்தவர்கள் தங்கள் பெயரைக் கட்டையின் முன்முனையில், மரத்தின் குறுக்கு வெட்டில், முத்திரையாகக் குத்தினார்கள்.

அமெரிக்காவில் இப்படிப் பெயர் குத்திக் கருவி செய்ததாக ஆவணங்கள் காட்டும் மிகப் பழைய ஆட்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் நிக்கல்சன். பாஸ்டனுக்குத் தென்மேற்கே உள்ள ரென்தம் என்ற சிற்றூரில் இருந்தவர். சபையில் டீக்கன், அதாவது ஊரில் மரியாதைக்குரிய ஆள். அவர் முத்திரை மூன்று வரி: எஃப். நிக்கல்சன், வசிப்பது, ரென்தம். இன்றைக்கு நாம் முகவரி போடுகிற மாதிரிதான். வாங்கியவர் உடைந்தால் எங்கே கொண்டுவருவது, இன்னொன்று வேண்டுமென்றால் யாரைக் கேட்பது என்பதற்கான வியாபார விளம்பரம், அவ்வளவே.

அதே ஊரில், அதே மூன்று வரி அமைப்பில் இன்னொரு முத்திரை உண்டு. சீ. செலோர், வசிப்பது, ரென்தம்.

சீசர் செலோர் நிக்கல்சனின் அடிமை.

அடிமைமுறை என்றதும் நம் மனசில் தெற்கு மாகாணங்களின் பருத்திக் காடுதான் வருகிறது. சினிமா அப்படிப் பழக்கியிருக்கிறது. ஆனால் மாசசூசெட்ஸ் 1641லேயே தன் சட்டத் தொகுப்பில் அடிமைகளை வைத்துக்கொள்ள இடம் கொடுத்த குடியேற்றம். அங்கே பெரிய தோட்டங்கள் கிடையாது. அடிமைகள் ஒருவர் இருவராக வீடுகளில், பட்டறைகளில், துறைமுகங்களில் இருந்தார்கள். எஜமானனின் கூரைக்குக் கீழேயே தூங்கி, அவன் பெஞ்சுக்குப் பக்கத்துப் பெஞ்சிலேயே வேலை பார்த்தார்கள். சபையிலும் அதே கூரை, இருக்கை மட்டும் வேறு. செலோர் 1741இல் ரென்தம் சபையில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டிருக்கிறார். ஆன்மாவுக்கு உறுப்பினர் அட்டை கொடுத்துவிட்டு உடம்பைச் சொத்துக் கணக்கில் வைத்திருந்தார்கள். இதில் அந்தக் காலத்து டீக்கன்கள் யாருக்கும் பெரிய உறுத்தல் இருந்த மாதிரித் தெரியவில்லை.

சீசர் என்ற பெயரையும் கவனிக்க வேண்டும். அடிமைகளுக்கு சீசர், பாம்பே, கேட்டோ என்று ரோமப் பெயர்கள் வைப்பது அன்றைக்கு எஜமானர்களிடையே பரவலான வழக்கம். இருப்பதிலேயே அதிகாரமற்ற ஒருவனுக்குப் பேரரசனின் பெயரைக் கொடுத்துக் கூப்பிடுவதில் ஒரு நமட்டுச் சிரிப்பு இருக்கிறது. அந்த சீசர்தான் ரோமாபுரியின் ஓவலோவையும் ஓஜீயையும் பிர்ச் கட்டைகளில் செதுக்கிக்கொண்டிருந்தார். ஒரே நூற்றாண்டு ரோமை எடுத்து, பாதியைத் தன் கதவுகளில் அலங்காரமாகவும் மீதியைத் தன் அடிமையின் பெயரில் கிண்டலாகவும் செலவழித்தது.

செலோர் எத்தனை வருடம் நிக்கல்சனின் பட்டறையில் உழைத்தாரோ, அத்தனை வருடமும் அங்கிருந்து வெளியே போன கருவிகளில் எஜமானின் பெயர்தான் இருந்திருக்கும். நிக்கல்சன் முத்திரை கொண்ட ஒரு இழைப்புளியைக் கையில் எடுத்தால் அது டீக்கனின் கை வேலையா சீசரின் கை வேலையா என்று முத்திரை சொல்லாது. இருவர் வேலையும் பார்க்க ஒன்றுபோலத்தான். ஆப்பின் தலையை வட்டமாகச் சீவிய விதம், கட்டையின் மேல்விளிம்பில் போட்ட அகலமான சரிவு எல்லாம் ஒரே பட்டறைப் பழக்கம். கருவிகளைச் சேகரிப்பவர்கள் இதை ரென்தம் பாணி என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. பாணி என்று சொல்லும்போது குரு சீடனுக்குக் கொடுத்தது என்ற ஒரு இனிமையான படம் வந்துவிடுகிறது. இங்கே சீடனை விற்கவும் முடியும் என்பது அந்தப் படத்தில் விடுபட்டுப் போகிறது.

1753இல் நிக்கல்சன் இறந்தார். அவர் உயில் இருக்கிறது. அதில் செலோருக்கு விடுதலை கொடுத்திருக்கிறார். கூடவே படுக்கையும் கட்டிலும், அவர் துணிமணி, பெட்டி, அவர் வேலை செய்த பெஞ்சு, கைக்கருவிகள், கருவி செய்வதற்கான மரத்தில் ஒரு பங்கு, பத்து ஏக்கர் நிலம். உயில் வாசகம் உணர்ச்சிகரமானதெல்லாம் இல்லை, ஒரு சாமான் பட்டியல். ஆனால் சில உயில்களை எந்த நாவலைவிடவும் மெதுவாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மனுஷனுக்கு அவனுடைய துணியைத் தானமாக எழுதிவைக்க முடிகிறது என்றால், அதுவரை அந்தச் சட்டை யாருடையது? அவர் கை தழும்பேறிய பெஞ்சு யாருடையது? விடுதலைக்கு முந்தின நாள் வரை அவர் தூங்கிய கட்டில்?

இன்னொன்றும் இருக்கிறது. உலர்ந்த மரம் என்பது கருவி செய்கிறவனுக்குப் பணத்தைவிடப் பெரிய முதல். வெட்டி அடுக்கிவைத்த மரம் வருடக்கணக்கில் காய வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. வெறும் விடுதலையைக் கொடுத்து அனுப்பியிருந்தால் செலோர் மரத்தை வெட்டி உலர்த்திக் காத்திருக்கும் வருடங்களில் யாரிடமாவது கூலிக்குப் போயிருக்க வேண்டும். பெஞ்சும் கருவியும் காய்ந்த மரமும் கையில் இருந்ததால் மறுநாளே தன் பெயரில் தொழில் தொடங்க முடிந்தது. நிக்கல்சனை நல்லவர் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் முழுக்க அனுபவித்துவிட்டு, தனக்கு இனி தேவைப்படாத நாளில் கொடுத்தார். ஆனால் ஒரு கைவினைஞனுக்கு எதைக் கொடுத்தால் அவன் நிற்பான் என்று இன்னொரு கைவினைஞருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டும் உண்மை. ஒன்று மற்றதை ரத்து செய்யாது.

செலோர் அதற்குப் பிறகு 31 வருடம் வாழ்ந்தார். அந்த வருடங்களில் குத்தியதுதான் அந்த மூன்று வரி. நிக்கல்சனின் முத்திரையில் வசிப்பது என்ற சொல் வெறும் முகவரி என்றேன். செலோரின் முத்திரையில் அதே சொல்லைப் படிக்கும்போது என்னால் அதை முகவரியாக மட்டும் படிக்க முடியவில்லை. ஒரு பொருள் ஓரிடத்தில் இருக்கும், ஓர் ஆள்தான் ஓரிடத்தில் வசிப்பான். அவர் அதை யோசித்துத்தான் குத்தினார் என்று நான் சொல்லவரவில்லை. பழகின முத்திரை அமைப்பு அது, வாடிக்கையாளருக்குத் தெரிந்த அமைப்பு, வியாபாரி என்ற முறையில் அதைத் தொடர்வதுதான் புத்திசாலித்தனம். எஜமானின் மகன் ஜானும் இதே தொழிலில் இருந்தார், அதே ஊர்ப் பக்கத்தில் அதே சரக்கு. போட்டி வேறு. இருந்தாலும் அந்தச் சொல் அங்கே இருக்கிறது, இரும்பு அச்சில் வெட்டி, சுத்தியால் அடித்து, பிர்ச் மரத்தில் இறக்கியது.

1783இல் குவாக் வாக்கர் என்ற அடிமையின் வழக்கில் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், அந்த மாநிலத்தின் புதிய அரசியல் சட்டத்தோடு அடிமைமுறை ஒத்துப்போகாது என்று ஜூரிக்கு எடுத்துரைத்தார். அதற்கு அடுத்த வருடம், 1784இல், செலோர் இறந்தார்.

அவர் கருவிகள் செய்த வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு நாம் நினைக்கிற வரிசையில் அது நடக்கவில்லை. இன்றைக்குச் சுவர் முழுக்க முடிந்த பிறகு கடைசியாகத்தான் கதவோரப் பட்டை வரும். 18ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தின் பல வீடுகளில் பட்டையை முதலில் அடித்துவிடுவார்கள். பிறகு சுவரில் ரீப்பர்களை அடித்து, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தைப் பட்டையின் விளிம்பு வரைக்கும் கொண்டுவந்து முடிப்பார்கள். மரம் சுவரை மறைப்பதில்லை, சுவர்தான் மரத்திடம் வந்து நிற்கிறது. பழைய வீட்டில் பட்டையைக் கழற்றும்போது அதன் பின்னால் சாந்து இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே அது மூலப் பட்டையா பின்னாளில் மாற்றியதா என்று பாதுகாப்புத் துறையினர் கண்டுகொள்வார்கள். ஆணியும் காட்டிக்கொடுக்கும். கொல்லன் ஒவ்வொன்றாக அடித்த ஆணி என்றால் செலோர் காலம் அல்லது அதை ஒட்டியது. தகட்டிலிருந்து எந்திரம் வெட்டிய ஆணி 1790களுக்குப் பிறகு. அதே மாசசூசெட்ஸின் ஜேக்கப் பெர்கின்ஸ் ஆணி வெட்டும் எந்திரத்துக்கு 1795இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய உருண்டைக் கம்பி ஆணி பரவலானது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

அதற்குப் பிறகு கதை வேகம் பிடிக்கிறது, நானும் வேகமாகவே கடக்கிறேன். 1828இல் நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் வுட்வொர்த் மரம் இழைக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பலகையை உருளைகளுக்கு நடுவே செலுத்தினால் சுழலும் கத்திகள் இழைத்துத் தள்ளும். அந்தக் காப்புரிமை திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு 1850கள் வரை பெரிய சண்டைகளுக்குக் காரணமானது. கத்தியின் வடிவத்தை மாற்றினால் எந்திரம் வளைவையும் வெட்டும். ஆற்றோர ஆலைகளிலும் பிறகு நீராவி ஆலைகளிலும் ஓஜீ அடிக்கணக்கில் விலைக்கு வந்தது. வளைவுகளும் மாறின. ஆஷர் பெஞ்சமின் போன்றவர்களின் தச்சர் கையேடுகள் ரோமானிய வட்ட வளைவுகளுக்குப் பதிலாகக் கிரேக்க நீள்வட்ட வளைவுகளைப் பரப்பின. புது ஃபேஷனுக்குப் பழைய இழைப்புளி பொருந்தாது. ஒரு தலைமுறைக்குள் பெட்டி நிறையக் கருவிகள் பரணுக்குப் போயின.

இந்தக் காலத்தில் வந்த ஒரு சின்னப் பொருள் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கதவின் மேல் மூலைகளில் வைக்கும் சதுரக் கட்டை, நடுவில் வட்டம் கடைந்தது. பழைய அமெரிக்க வீடுகளின் படங்களில் பார்த்திருப்பீர்கள். அழகுக்குத்தான் வைத்தார்கள், கிரேக்கப் பாணி மோகம். ஆனால் அது இன்னொரு வேலையும் செய்தது. இரண்டு பட்டைகளை மூலையில் 45 டிகிரி சாய்த்து வெட்டிப் பிசிறில்லாமல் சேர்ப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. மூலையில் ஒரு கட்டையை வைத்துவிட்டால் பட்டைகளை நேராக வெட்டி அதன்மேல் முட்டவிட்டால் போதும். அரைகுறையாகக் கற்ற ஆளே செய்துவிடலாம். வீடுகள் சரசரவென்று எழும்பிக்கொண்டிருந்த நாட்டில் அதற்கு நல்ல வரவேற்பு. உருவம் வெட்டும் திறன் ஆலைக்குப் போனது, மூலை சேர்க்கும் திறன் ஒரு சதுரக் கட்டைக்குள் போனது.

கருவிக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. ஸ்டான்லி கம்பெனி 1897இல் 55ஆம் எண் என்ற உலோக இழைப்புளி ஒன்றை வெளியிட்டது. பெட்டி நிறைய விதவிதமான தகடுகள், கழற்றி மாட்டும் தடுப்புகள், திருகுகள். ஒரு முழு ஆலையே இதற்குள் இருக்கிறது என்ற பாணியில் விளம்பரம். நல்ல பொறியியல்தான். ஆனால் ஒரு வளைவுக்கு அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் பக்கத்து ஆலையிலிருந்து வண்டியில் பட்டையே வந்து இறங்கிவிடும். மரக்கட்டை இழைப்புளியில் எடுத்தோம் தள்ளினோம். இதில் முதலில் கையேடு படிக்க வேண்டும். இன்றைக்கு அதைச் சேகரிப்பவர்கள் அதிகம், உபயோகிப்பவர்கள் குறைவு என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

உருவம் கையைவிட்டுப் போன பிறகும் கைக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. பொருத்துவது. ஆலையில் வந்த பட்டை நேராக இருக்கும், வீடு நேராக இருக்காது. இந்த வேலைக்கான கருவிகள் எல்லாம் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் இன்றைய உருவத்துக்கு வந்தன. அவற்றில் மூன்றைச் சொன்னால் போதும்.

ஒன்று, காம்பினேஷன் ஸ்கொயர். அளவுகோலில் நகர்கிற மூலைமட்டம். மாசசூசெட்ஸின் ஏத்தல் ஊரைச் சேர்ந்த லராய் ஸ்டாரெட் 1870களின் கடைசியில் உருவாக்கியது. அதைக் கால் அங்குலத்துக்கும் குறைவாக வைத்துப் பூட்டி, பென்சிலை முனையில் பிடித்து, நிலையின் விளிம்போடு இழுத்துக்கொண்டே போனால் ஒரு மெல்லிய கோடு விழும். பட்டை அந்தக் கோட்டில்தான் உட்கார வேண்டும், விளிம்பில் அல்ல. விளிம்போடு விளிம்பாக வைத்தால் மயிரிழை பிசகினாலும் கண்ணில் படும். வேண்டுமென்றே ஒரு படி விட்டு வைத்தால் பிசகு நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும். இந்தத் தந்திரம் எனக்கு ஒரு ஆசாரி சொல்லித்தான் புரிந்தது. "ரெண்டு பலகையும் ஒரே மட்டம்னு காட்ட நெனச்சீங்கன்னா மாட்டிக்குவீங்க சார். வேற வேற மட்டம்னு நீங்களே மொதல்ல சொல்லிடணும்" என்றார். சென்னையில் சொன்னது, எந்த ஊருக்கும் பொருந்தும்.

இரண்டாவது, ஒரு கைக்குள் அடங்கும் குட்டி இழைப்புளி, பிளாக் பிளேன் என்பார்கள். 45 டிகிரியில் வெட்டி மூலையில் வைத்துப் பார்த்தால் மேல்பக்கம் ஒட்டும், கீழே வாய் பிளந்து நிற்கும். எந்திர ரம்பத்தின் கோணம் சரிதான். நிலை ஒரு பக்கம் சுவரைவிட இறங்கியிருக்கும், அல்லது பூச்சு புடைத்திருக்கும். அதனால் பட்டை சாய்ந்து உட்காரும், சாய்ந்த பட்டைக்கு 45 என்பது 45 அல்ல. வெட்டின முகத்தின் பின்பாதியில் இந்தக் குட்டி இழைப்புளியால் இரண்டு இழுப்பு. காகிதம் போன்ற சுருள் விழும். மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு இழுப்பு. இதற்கு எந்த அளவும் கிடையாது, கண்தான். 1960களில் மேஜைமேல் வைக்கும் மின்சார மைட்டர் ரம்பம் வந்து, பிறகு காற்றழுத்த ஆணித் துப்பாக்கியும் வந்து, வேலை பலமடங்கு வேகமான பிறகும் அமெரிக்கத் தச்சர்கள் இதை இடுப்புப் பையிலிருந்து எடுக்கவில்லை.

மூன்றாவது, ஆணியின் தலையை மரத்துக்குள் இறக்கும் சின்ன எஃகுக் குச்சி. சுத்தியால் நேரே கடைசிவரை அடித்தால் மரத்தில் வட்டத் தழும்பு விழும். கொஞ்சம் நிறுத்தி, குச்சியை வைத்து ஒரு தட்டு. தலை உள்ளே போகும், மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் ஆணியே இல்லாத மாதிரி இருக்கும்.

மூன்று கருவிகளுக்கும் வேலை ஒன்றுதான், வேலை நடந்ததே தெரியாமல் செய்வது. செலோரின் கருவி அப்படியில்லை. அது பட்டையின் முகத்தில் ஒரு உருவத்தை விட்டுவிட்டுப் போனது. கையால் தள்ளிய வளைவில் சாய்ந்த வெளிச்சம் பட்டால் சின்னச் சின்ன அலைகள் தெரியும், தகட்டில் விழுந்த ஒரு பொத்தலின் கோடு கதவு நெடுக ஓடும்.

இன்றைக்கு அமெரிக்க மரக்கடைகளில் மிகச் சாதாரணமாக விற்கும் கதவோரப் பட்டை இரண்டேகால் அங்குல அகலம். மர நாரையும் பசையையும் அழுத்திச் செய்த எம்டிஎஃப்பில் வரும், வெள்ளை பிரைமர் அடித்தே வரும். அதன் வடிவத்துக்குக் கடைப் பெயர் கொலோனியல். காலனிக் காலத்து முன்னறையில் அந்த அகலத்தில் ஒரு ஓரப்பட்டை இருந்திருந்தால் வீட்டுக்காரர் தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். பெயரில் மட்டும் அந்தக் காலம், பெயருக்குப் பின்னால் இருந்த ஆட்கள் கிடையாது. சீசருக்கு வைத்த பெயரைப்போல இதுவும் ஒரு வேடிக்கைதான், இந்த முறை யாரும் வேண்டுமென்று செய்யாதது.

செலோரின் இழைப்புளிகள் இன்று கொலோனியல் வில்லியம்ஸ்பர்க் போன்ற அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. ஏலத்துக்கு வந்தால் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. அவர் கடையில் சில ஷில்லிங் கொடுத்து வாங்கிய தச்சர்களும் சும்மா விடவில்லை. கருவி கை மாறும்போது அடுத்த சொந்தக்காரர் தன் பெயரை அதே முன்முனையில் குத்துவது வழக்கம். வேலையிடத்தில் அடுத்தவன் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க. அப்படி மூன்று நான்கு பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கட்டைகள் உண்டு. சொந்தக்காரர்கள் வருவார்கள் போவார்கள், ஒருவர் முத்திரையின் மேல் இன்னொருவர் முத்திரை பாதி ஏறியிருக்கும். மோல்டிங் இழைப்புளியைத் தள்ளும்போது இடதுகை பிடிப்பதும் அந்த முன்பக்கத்தைத்தான். பல தலைமுறைத் தச்சர்களின் உள்ளங்கை வியர்வையில் அந்த இடம் கறுத்து வழவழவென்று ஆகியிருக்கும். கண்ணுக்கு மங்கினாலும், விரலை வைத்துத் தடவினால் வசிப்பது என்ற சொல்லின் எழுத்துகள் பள்ளமாகத் தட்டுப்படும்.